வாப்பாவின் காசு டின் யார் பங்குக்கு?

வியாபாரி ஒருவர் மௌத்தாகிறார். ஜனாஸா அடக்கம் முடிந்து நாலைந்து நாட்களில் மூத்த மகன் கடையைத் திறக்கிறார். கடன் கொப்பியைப் பார்க்கிறார், வங்கிப் புத்தகத்தைப் பார்க்கிறார், களஞ்சியத்தில் இருக்கும் மூடைகளை எண்ணுகிறார். கடைசியாக மேசை லாச்சியை இழுத்தால் அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பழைய காசுகள். "இது வாப்பா ஆசைக்குச் சேர்த்தது" என்று சொல்லி மூடியை அமத்தி வைத்துவிடுகிறார். கடைச் சரக்கு பங்குக்கு வருகிறது, காணி வருகிறது, லொறியும் வருகிறது. டின் மட்டும் வருவதில்லை. அதில் உம்மாவுக்கும் தங்கைமாருக்கும் பங்கு இருக்கிறது என்ற எண்ணமே அந்த வீட்டில் யாருக்கும் வருவதில்லை.

வேண்டுமென்று செய்த மோசடியாக இதைச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு மோசடிக்குச் சமம். மையித்து விட்டுச் சென்ற பொருள் சிறியதோ பெரியதோ, அதில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்பது சூரத்துன் நிஸா தெளிவாகச் சொல்லும் விடயம். காசு டின்னுக்கு அதில் விதிவிலக்கு இல்லை. கடையைப் பொறுப்பேற்பவரின் கையில் டின்னும் தானாகப் போய்ச் சேர்வது நமது வழக்கமே தவிர மார்க்கம் அல்ல.

வன்னியில் இது இன்னும் சிக்கலான விடயம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பன் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர், புதுக்குடியிருப்பில் கடை வைத்திருந்தவர். கல்லாவுக்கு வரும் பழைய காசுகளைத் தனியே எடுத்து வைப்பது அவருடைய பழக்கம். வயல் உழும்போது அகப்பட்ட பாசி பிடித்த செப்புக் காசுகளை விவசாயிகள் கொண்டுவந்து தந்தால், சீனியோ தேயிலையோ கொடுத்து வாங்கிக்கொள்வார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது டின்னை எடுத்துச் செல்ல முடியவில்லை. பக்கத்து வளவுத் தமிழ்க் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புத்தளம் போனார். அந்தக் குடும்பம் 2009 தொடக்கத்தில் ஊரே காலியானபோது அதை மண்ணில் புதைத்துவிட்டு ஓடியது. மீள்குடியேறியபின் தோண்டி எடுத்து, ஒரு காசும் குறையாமல் திருப்பிக் கொடுத்தது. இப்போது பெரியவருக்கு எண்பது வயது. மனைவி இருக்கிறார். இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். இன்னொரு மகன் யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் விபத்தொன்றில் மௌத்தாகிவிட்டார். அவருடைய பிள்ளை ஒருவன் பாட்டனோடு இருக்கிறான். டின்னைத் திறந்து காசுகளை வரிசைப்படுத்தும் ஆர்வம் அந்தப் பேரனுக்குத்தான்.

இது கணக்குக்காகக் கற்பனை செய்த குடும்பம். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில் இதன் ஒவ்வொரு துண்டும் யாராவது ஒருவருடைய வீட்டில் நடந்திருக்கும்.

முதலில் டின்னைக் கொட்டிப் பார்ப்போம். எல்லாக் காசும் ஒரே சாதிப் பொருள் அல்ல. இங்கிலாந்து அரசர், இராணி தலை பதித்த தங்கப் பவுண் நான்கு இருக்கிறது என்று வைப்போம். ஒன்றின் நிறை 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். இதன் விலையை செட்டியார் தெருவில் எந்த நகைக் கடையிலும் கேட்டு அறியலாம். அடுத்து பழைய இந்திய வெள்ளி ரூபா 60. இலங்கையில் 1872 இல் சதக் கணக்கு வந்தபோது இந்திய ரூபாவே இங்கும் ரூபாவாக இருந்தது. ஆகவே வடக்கில் பழைய டின் எதைத் திறந்தாலும் விக்டோரியா, ஜோர்ஜ் தலைகள் இருக்கும். 11.66 கிராம் நிறை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940க்குப் பின் வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ஆம் ஆண்டு ரூபாவில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். வருடத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு விலை பேசுபவரிடம் விற்க வேண்டாம்.

பிறகு நமது சொந்தச் சில்லறை. 1892 முதல் வந்த 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள், 1909 இல் தொடங்கிய சதுர ஐந்து சதம், புத்த ஜயந்திக்காக 1957 இல் வெளியிட்ட வெள்ளி ஐந்து ரூபா. சதுர ஐந்து சதத்தில் உலோகப் பெறுமதி ஒன்றுமில்லை. சேர்ப்பவர் கேட்கும் விலைதான் அதன் விலை. அது காசின் வருடத்தையும், எழுத்துத் தேயாமல் இருப்பதையும் பொறுத்தது. இங்கே ஒரு வேண்டுகோள். பங்கு பிரிக்குமுன் பளபளப்பாக்குகிறோம் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேர்ப்பவர்கள் பாதி விலைக்கும் கேட்கமாட்டார்கள். வாரிசுகளின் சொத்தை நல்லெண்ணத்தோடு அழிக்கும் வழி அது.

கடைசியில் அந்தப் பாசி பிடித்த செப்புக் காசுகள். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. பின்னிய எழுத்துக் குறி இருந்தால் ஒல்லாந்தக் கம்பனியின் துட்டு. சிலவேளை மீன் தூண்டில்போல வளைந்த வெள்ளிக் கம்பியொன்று கிடக்கும். அதை உடைந்த நகையென்று எறிந்துவிட வேண்டாம். அது லாரின். பாரசீகத்து லார் நகரின் பெயரால் வந்த பணம். வளைகுடாவிலிருந்து இந்து சமுத்திரக் கரையெல்லாம் நம் முன்னோர் வியாபாரம் செய்த காலத்தில் கைமாறிய காசு. 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையிலும் சரளமாகப் புழங்கியது. கொட்றிங்டன் 1924 இல் எழுதிய இலங்கை நாணய நூலில் இவை விபரமாக இருக்கின்றன.

இந்தக் கடைசி வகையில் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணுக்குள் இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணி உங்களுடையது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டாரில் இருக்கும் மகனிடம், இலண்டனில் இருக்கும் மச்சானிடம் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்பாவித்தனம் அங்கே செல்லாது. விற்குமுன்பும் தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அந்தக் காசுகளை மற்றவற்றோடு கலக்காமல் தனி உறையில் போட்டு, எங்கே எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் பெரியவர் ஒருவர்தான். அவர் போனால் அந்த விபரமும் போய்விடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: டின்னில் இருப்பது முழுவதும் அவருடையதா?

வன்னிக் கடை வியாபாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஏனென்று புரியும். "முதலாளி, இதை வைச்சிருங்கோ, நெல்லு வெட்டினாப்பிறகு வந்து எடுக்கிறன்" என்று ஒருவர் ஒரு பவுணைத் தந்துவிட்டு இரண்டு மூடை உரம் கொண்டு போயிருப்பார். கடதாசி இல்லை, ரசீது இல்லை, நம்பிக்கைதான். அந்தப் பவுண் அடகு. சேர்த்த பொருளோடு அதுவும் ஒரே டின்னுக்குள் கிடந்தால், பெரியவரின் கண் மூடியபின் அது அமானத்து என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் பங்கு வைத்துவிடுவார்கள். உரியவரோ அவருடைய பிள்ளைகளோ ஒருநாள் வந்து கேட்டால் கடையின் பெயர் போகும். மறுமையில் அதைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது. அப்படியான காசு ஒன்றாவது இருந்தால் இன்றைக்கே பிரித்து, பெயரும் ஊரும் பாக்கித் தொகையும் எழுதிக் கட்டி வையுங்கள். நமது பெரியவரின் டின்னைப் பத்தொன்பது வருடம் காத்துப் புதைத்துத் திருப்பித் தந்த அயலவர்கள் செய்ததும் இதே அமானத்தைத்தான்.

எழுத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் பகுதியே கண்டிருக்கிறது. புதைத்த தங்கம் இருக்கிறதென்று நீதிமன்ற அனுமதி பெற்று முல்லைத்தீவு மாவட்டத்தில் தோண்டிப் பார்த்த இடங்கள் பல. இறுதி யுத்தத்தில் வடக்கு கிழக்கில் மீட்கப்பட்ட தங்க நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதம் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. உரியவர்களிடம் சேர்ப்பதென்றால் எழும் முதல் கேள்வி, எந்த நகை யாருடையது என்பது.

பெரிய இடத்துக் கதையையும் பாருங்கள். ஹைதராபாத்தின் ஏழாவது நிஸாம் மீர் உஸ்மான் அலி கான் ஒரு காலத்தில் உலகின் பெரும் செல்வந்தர். தனது ஆபரணங்களுக்காக 1951, 1952 இல் அறக்கட்டளைகளை எழுதிவைத்தார். 1967 இல் அவர் வபாத்தானார். பல வருட இழுபறிக்குப் பிறகு 1995 இல் இந்திய அரசு அவற்றில் 173 ஆபரணங்களை 218 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. எத்தனை உருப்படி, யார் பொறுப்பு, யாருக்குப் பணம் என்பது எழுத்தில் இருந்தபடியால் அது ஒரு முடிவுக்கு வந்தது. அதே குடும்பத்தின் கையில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1613 இல் ஆக்ராவில் வார்த்த தங்க நாணயமொன்றும் இருந்தது. ஆயிரம் மொஹர் நாணயம், கிட்டத்தட்ட 12 கிலோ. 1987 இல் ஜெனீவாவில் அது ஏல அறிவிப்புக்கு வந்தது. இந்தியாவின் மத்திய புலனாய்வுத் துறை விசாரணையில் இறங்கியது. ஏலம் பலிக்கவில்லை. நிஸாமின் பேரர் முகர்ரம் ஜாஹ் 2023 இல் இஸ்தான்புல்லில் காலமாகிவிட்டார். நாணயம் எங்கே என்று இன்றும் பகிரங்கமாகத் தெரியாது. பன்னிரண்டு கிலோ தங்கமே இப்படிப் போகுமென்றால் பிஸ்கட் டின் எம்மாத்திரம்!

பங்கீட்டுக்கு வருவோம். ஜனாஸாச் செலவு முதலில். அடுத்து கடன்கள். மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹரும் கடன்தான். கொடுக்காத ஸகாத்தும் ஷாபிஈ மத்ஹபின்படி சொத்திலிருந்து எடுக்க வேண்டிய கடன். இதில் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளியின் நிஸாப் 595 கிராம். முழு வெள்ளி அளவுள்ள பழைய ரூபா ஒன்றில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 56 ரூபா சேர்ந்தாலே நிஸாப் வந்துவிடும். நமது பெரியவரிடம் 60 இருக்கிறது. "சும்மா ஆசைக்கு வைத்திருந்தது" என்ற பேச்சு எடுபடாது. வெள்ளி வெள்ளிதான். எத்தனை வருடம் கொடுபடாமல் நிற்கிறது, இழந்திருந்த காலத்துக்கு எப்படி என்பதை ஓர் ஆலிமிடம் கணக்குக் காட்டி, உயிரோடிருக்கும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

கடன் தீர்ந்தபின் வஸிய்யத், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல். மிச்சம் வாரிசுகளுக்கு. இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம், மரண சாசனம் எழுதாமல் மரணித்த முஸ்லிமுக்கு அவருடைய மத்ஹபின் சட்டமே பொருந்தும் என்கிறது. டின்னின் பெறுமதி 24 இலட்சம் ரூபா என்று கணக்குக்காக வைப்போம். பெற்றோர் இல்லை. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 இலட்சம். மிச்சம் 21 இலட்சத்தை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு 4 இலட்சத்து 20 ஆயிரம். மகளுக்கு ஒரு பங்கு. ஆண் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, தலைக்கு 8 இலட்சத்து 40 ஆயிரம். அந்த டின்னை மூடி வைத்த மகன் தன் தங்கையின் 4 இலட்சத்து 20 ஆயிரத்தையும் உம்மாவின் 3 இலட்சத்தையும் சேர்த்துத்தான் மூடி வைத்தார்.

பேரனுக்கு? ஒன்றுமில்லை. அவனுடைய வாப்பா பாட்டனுக்கு முன்பே போய்விட்டார். சாச்சாமார் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே அவன் வாரிசு வரிசையில் வரமாட்டான். யுத்தத்திலும் சுனாமியிலும் விபத்திலும் மகனை இழந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் நம் பகுதியில் எத்தனை! பாட்டன் இருக்கும்வரை அந்தப் பிள்ளைகள் வீட்டுப் பிள்ளைகள். அவர் போன அடுத்த வாரம் அவர்கள் கை வெறும் கை. இதற்கு மார்க்கமே வழியை வைத்திருக்கிறது. வாரிசல்லாதவருக்குத்தான் வஸிய்யத். மூன்றில் ஒன்றுக்குள் பாட்டன் தாராளமாக எழுதலாம். நோயுற்றிருந்த ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) முழுச் சொத்தையும் வஸிய்யத் செய்ய விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள், அதுவே அதிகம் என்றும் சொன்னார்கள். ஆனால் மூன்றில் ஒன்றைக் கணக்கிடுவது டின்னில் மட்டும் அல்ல, முழுச் சொத்திலும். கடையும் காணியும் உள்ள ஒருவருக்கு முழு டின்னுமே அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆர்வமுள்ள பேரன் கையில் சேகரிப்பு சிதறாமல் போய்ச் சேரும்.

வாரிசாக இருக்கும் பிள்ளைக்கே கொடுக்க விரும்பினால் வஸிய்யத் சரிவராது, மற்ற வாரிசுகள் மௌத்துக்குப் பின் சம்மதித்தால் ஒழிய. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கிடையில் நீதமாக, கையில் ஒப்படைத்துக் கொடுக்க வேண்டும். "எனக்குப் பிறகு உனக்கு" என்று வாயால் சொல்லிவிட்டு டின்னைத் தன் லாச்சியிலேயே வைத்திருப்பது ஹிபா ஆகாது. உறுதி எழுதினால், உறுதியைப் பெறுபவரிடம் கொடுப்பதை உடைமை ஒப்படைத்ததற்குச் சான்றாக 1931 சட்டம் ஏற்கிறது. மரண சாசனம் எழுதுவதானால் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள். நாட்டின் பொதுச் சட்டம் மரண சாசனத்தில் முழுச் சொத்தையும் ஒருவருக்கே எழுதவும் இடம் தருகிறது. மூன்றில் ஒன்று என்ற வரம்பை நாமே பேணிக்கொள்ள வேண்டும். சட்டத்தரணி அதை நினைவூட்டுவார் என்று இருக்கக்கூடாது.

பள்ளிக்கூடத்துக்கோ நூதனசாலைக்கோ கொடுக்க நினைப்பவர்களும் உண்டு, நல்ல எண்ணம். நிபந்தனையையும் எழுதுங்கள். அமெரிக்காவில் கரெட் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த நாணயங்கள் 1942 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1979 முதல் 1981 வரை பல்கலைக்கழகம் அவற்றை ஏலத்தில் விற்றுவிட்டது. கொடுத்தவர் விற்கச் சொன்னால் பரவாயில்லை. காட்சிக்கு வைக்கத்தான் கொடுக்கிறோம் என்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாரிசுகள் பிரிக்கும்போது எண்ணிக்கையில் பிரிக்காதீர்கள். ஒருவருக்குப் பத்துக் காசு, மற்றவருக்குப் பத்துக் காசு என்றால் ஒருவர் கையில் பவுணும் மற்றவர் கையில் ஐந்து சதமும் நிற்கும். பெறுமதியில் பிரியுங்கள். அமெரிக்கரான எலியஸ்பெர்க் 1976 இல் இறந்தபின் அவருடைய பிரபல சேகரிப்பில் தங்கம் ஒரு மகனுக்கும் வெள்ளி, செம்பு மற்ற மகனுக்கும் போனது. தங்கம் 1982 இல் ஏலத்துக்கு வந்தது, மற்றது 1996, 1997 இல். தொகுதி உடையாமல் இருந்தபடியால் இருவருக்கும் நல்ல விலை. நமக்குள் ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதானால் அதற்கும் இடமுண்டு, தகாருஜ் என்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: தங்கம், வெள்ளிக்கு ரூபாவை மாற்றும்போது அந்த இடத்திலேயே கைக்குக் கை கொடுபட வேண்டும் என்பது உலமாக்களின் பரவலான தீர்ப்பு. "பவுணை எடுத்துக்கொள்கிறேன், காசை ஆறு மாதத்தில் தருகிறேன்" என்ற வியாபார வழக்கம் இங்கே வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவில் கேட்டுச் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு பின்னேரம் போதும். நகைக் கடையில் தங்கத்தையும் வெள்ளியையும் நிறுத்து, நிறையைக் குறியுங்கள். ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் தொலைபேசியில் படமெடுத்து, வருடத்தோடு இலக்கம் போடுங்கள். ஐந்தொகைக்குச் சரக்கு எண்ணுவதுபோலத்தான். உங்களுடையது, அடகு, அமானத்து, தொல்பொருள் என்று நான்கு உறைகள். பட்டியலில் ஒரு பிரதி மனைவியிடம், ஒன்று மகளிடம். கடையைப் பார்க்கும் மகனிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். மகள் புத்தளத்தில் இருந்தால் வட்ஸ்அப்பில் படங்களை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். 1990 இலும் 2009 இலும் கடதாசிகள் வீட்டோடு போயின. இன்னொரு ஊரில் இருந்த பிரதிதான் சிலருக்கு மிஞ்சியது.